மூன்றாம் நாள் ஊசி

கோட்டைவாசலில் மானுக்கு
மாரி பிஸ்கட் நீட்டிக்கொண்டு நின்ற மெறின்டாவை
மானைத் துரத்தி வந்த நாய்
கெண்டைக்காலில் கவ்விவிட்டது.
ஐந்து வயது. வெள்ளைச் சப்பாத்து.
இரண்டாம் பூசை முடிந்து
அரை மணிகூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரி ஜன்னலில் கடல் தெரிந்தது.
கந்தளாயிலிருந்து வரும் தாதி
காயத்தைச் சுற்றியே போடவேணும் என்றாள்,
நாலு இடத்தில். பிறகு புயத்தில் ஒன்று.
"அப்பா நல்லா இறுக்கிப் பிடிங்க.
உதறினா ஊசி முறியும்."

பிடித்தேன்.
சீனன்குடா ஆலையில்
ஐம்பது கிலோ மா மூட்டை தூக்கும் கை
இரண்டையும் போட்டு
ஒரு குருவிக்காலைப் பிடித்தேன்.

"நோகுமா அப்பா?"
இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"நோகும்."

முதல் ஊசிக்கே வீறிட்டாள்.
விடுங்கப்பா, அப்பா கூடாது, அப்பா வேணாம்
கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
என் சட்டைப் பொத்தான் தெறித்து
கட்டிலுக்கடியில் உருண்டது.
பிடித்திருப்பவன் நான்,
நோகப்பண்ணச் சம்மதித்தவன் நான்,
அவளுக்கு அது நல்லாய்த் தெரியும்.
தெரிந்துகொண்டே
மூன்றாம் குத்துக்கு
முகத்தைக் கொண்டுவந்து புதைத்தாள்
என் கழுத்துக்குள்.
அப்பாவிடமிருந்து தப்பி ஓட
அப்பாவைத் தவிர
வேறு இடம் இருக்கவில்லை அவளுக்கு.

சிறு பிள்ளைகளைப் போல் ஆகாவிட்டால் என்று
வாசகம் வரும் ஞாயிறுகளில்
எனக்கு நினைவு வருவது
படங்களில் கைகூப்பி நிற்கும்
சுருட்டைத் தலைப் பிள்ளைகள்.
கேள்வியே இல்லாத கண்கள்.
அது நமக்குச் சரிவராது என்று
கடைசி வாங்கிலேயே இருந்துவிடுவேன்.
பதினெட்டு வருஷமாய் அந்த வாங்குதான்.

மூதூர் லோஞ்சில் ஏறிய தம்பி
இந்தக் கரையில் இறங்கவில்லை.
அதற்குப் பிறகு ஆண்டவரோடு
ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை நான்.
மரியாதையாய் நடந்துகொண்டேன்.
நேரத்துக்குப் பூசை, உண்டியலுக்கு நூறு ரூபாய்,
கடன் வாங்கித் தராதவனைத் தெருவில் கண்டால்
தலையை ஆட்டிவிட்டு
மற்றப் பக்கத்தால் போவோமே, அப்படி.
தம்பியின் பெயரை
ஒரு செபத்திலும் சொன்னதில்லை.

வெளியே வந்து ஐஸ்பழம் வாங்கினேன்.
ஆரஞ்சு. நாடியெல்லாம் வழிந்தது.
என் கையில் ஊசி அட்டை:
நாள் பூச்சியம், நாள் மூன்று, நாள் ஏழு,
இன்னும் இரண்டு கோடு.

"திரும்பியும் வரவேணுமா?"
"ஓம். புதன்கிழமை."
"நோகுமா?"
"நோகும். இண்டைக்குப் போல இல்லை, கொஞ்சம்."
குச்சியைத் திருப்பி மற்றப் பக்கம் நக்கினாள்.
"நீங்கதானே பிடிப்பீங்க?"
"நான்தான்."
"அப்ப சரி."
அவ்வளவுதான். பிறகு,
"அந்த மானுக்கு ஊசி போட்டாச்சா?"

அன்றிரவு யூடிற்றும் பிள்ளையும் படுத்த பிறகு
பொத்தான் இல்லாத அதே சட்டையோடு
குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு
வாய்விட்டுக் கேட்டேன்:
றெஜினோல்டை என்ன செய்தீர்?

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.
அது எனக்கு ஊதியதில்லை.

திரும்பக் கேட்டேன்.
அவனுக்கு அப்போது இருபத்திரண்டு, தெரியுமா என்றேன்.
நீர் கூடாது என்றேன். நீர் வேணாம் என்றேன்.
மூக்கைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்,
அவள் துடைத்த அதே இடத்தில்.
எத்தனை மணிக்குப் படுத்தேனோ தெரியாது.

காலையில் தேத்தண்ணி வைக்க எழும்பிய யூடிற்
குசினிக்கும் விறாந்தைக்குமாய்த் தேடிவிட்டுக் கேட்டாள்,
கதிரை ஏன்
திரு இருதயப் படத்துக்குக் கீழே கிடக்குது,
இவ்வளவு கிட்ட.